ஒரு துளிக்கும் கணக்கு வைக்கும் பாலைவன உயிர்கள்

ஒட்டகத்தின் திமிலுக்குள் என்ன இருக்கிறது என்று வகுப்பிலே கேட்டால், "தண்ணீர்" என்று பத்துப் பிள்ளைகளாவது ஒரே குரலிற் கூறுவர். இருபது ஆண்டுகளாக இவ்விடையைக் கேட்டு வருகிறேன். பிள்ளைகளைக் குறைகூறுவதற்கில்லை, அவர்களுடைய பெற்றோருட் பலரும் அவ்விதமே நம்பியிருக்கின்றனர். உண்மையில் திமிலில் இருப்பது கொழுப்பு. தண்ணீர்த் தொட்டி எதுவும் அங்கே இல்லை, வயிற்றிலும் இல்லை.

அங்ஙனமாயின் ஒட்டகம் எவ்வாறு பிழைக்கிறது? இவ்வினாவுக்கு அளந்தும் நிறுத்தும் விடை கண்டவர், நோர்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய உடற்றொழிலியல் அறிஞர் கினூட் சிமிட்-நீல்சன் என்பவர். 1953, 1954ஆம் ஆண்டுகளில் அவரும் அவருடைய துணைவர்களும் அல்ஜீரியாவின் சகாராப் பகுதியிலே தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தனர். தண்ணீரின்றி நிற்கும் ஒட்டகம் பகலிலே தன் உடல் வெப்பத்தை 40 பாகை செல்சியசுக்கு மேலும் ஏறவிட்டு, இரவிலே 34 பாகையளவுக்கு இறங்கவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். நாமாயின் வெப்பம் ஒரு பாகை ஏறுமுன்னரே வியர்வையைக் கொட்டி உடலைக் குளிரச் செய்கிறோம். ஒட்டகமோ வியர்க்க வேண்டிய நேரத்தை ஒத்திப்போடுகிறது. பகலிலே சேர்ந்த வெப்பத்தை இரவின் குளிருக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. தன் எடையில் நாலிலொரு பங்கு நீரை இழந்த பின்னரும் அதன் குருதி தடித்துப்போவதில்லை. இழந்ததையெல்லாம் தண்ணீரைக் கண்டதும் சில நிமிடங்களிற் குடித்து ஈடு செய்துவிடும்.

ஆயின் அவ்வறிஞர் இப்பாடத்தின் முதல் எழுத்தைக் கற்றது ஒட்டகத்திடம் அன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள அரிசோனா மாநிலத்திலே, உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஓர் எலியிடமே கற்றார். அந்தத் தென்மேற்குப் பாலைநிலங்களுக்கே வாசகர்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அங்கே ஒன்றையொன்று அடுத்து இரண்டு பாலைவனங்கள் உள்ளன. வடக்கே இருப்பது மொஹாவே. தெற்கே மெக்சிக்கோ நாட்டினுள்ளும் பரந்து கிடப்பது சொனோரா. மொஹாவேயிலுள்ள மரணப் பள்ளத்தாக்கு என்னுமிடத்திலே 1913ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆம் திகதி 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 50 மில்லிமீற்றர் அளவே. கார்த்திகை மாதத்து அடைமழையில் யாழ்ப்பாணத்திலே ஒரே நாளிற் பெய்துவிடக்கூடிய மழை அது! அதை வைத்துக்கொண்டு ஓராண்டு வாழ வேண்டும்.

தண்ணீர் குடியாத எலி

கங்காரு எலி என்று அதற்குப் பெயர். நீண்ட பின்னங்கால்களால் துள்ளித் துள்ளிச் செல்வதால் அப்பெயர் வந்தது. அவுஸ்திரேலியக் கங்காருவுக்கும் அதற்கும் உறவு எதுவுமில்லை. நாற்பது கிராம் அளவே எடையுள்ள இவ்வெலி, காய்ந்த வித்துக்களைக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு பொந்துக்குள் விரையும். பச்சையிலையை அரிதாகவே உண்ணும். தண்ணீரோ, ஆயுள் முழுவதும் ஒரு மிடறும் வேண்டியதில்லை.

தண்ணீரே குடியாத விலங்கு எப்படி உயிர்வாழும்? மாணவர்கள் வீட்டிலே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். எரியும் மெழுகுவர்த்தியின் சுடருக்குச் சற்று மேலே, குளிர்ந்த கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்த்துப் பிடியுங்கள். குவளையின் உட்புறம் கணநேரம் பனித்து மங்கும். மெழுகிலிருந்த ஐதரசன் காற்றிலிருந்த ஒட்சிசனோடு சேர்ந்து நீராக மாறியிருக்கிறது. உணவும் நம் உடலினுள்ளே இவ்வாறே மெல்ல எரிகிறது. அப்பொழுது நீர் பிறக்கிறது. எல்லா உயிர்களுக்கும் இது பொது. நமக்கு அந்நீர் போதாது. கங்காரு எலிக்குப் போதும். ஏனென்றால் அது செலவைக் குறைத்துவிட்டது.

சிமிட்-நீல்சன் இதற்கு ஒரு வரவுசெலவுக் கணக்கே எழுதினார். இருபத்தைந்து பாகை வெப்பமும் நூற்றுக்கு இருபது ஈரப்பதனும் உள்ள காற்றிலே வாழும் ஓர் எலி, ஏறத்தாழ நான்கு வாரத்தில் 100 கிராம் வாற்கோதுமை உண்ணுகிறது. அத்தானியம் உடலில் எரிவதாற் பிறக்கும் நீர் 54 கிராம். தானியத்தில் முன்னரே இருந்த ஈரம் 6 கிராம். ஆக வரவு 60 கிராம். செலவைப் பாருங்கள்: மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஆவியாவது 43.9 கிராம், சிறுநீர் 13.5 கிராம், மலத்தோடு போவது 2.6 கிராம். கூட்டினாற் சரியாக 60. எந்தக் கணக்குப்பிள்ளையும் இதைவிடச் செம்மையாக ஏட்டை முடித்துக் காட்டியிருக்க முடியாது. ஆனாற் கையிருப்பு என்று ஒன்றும் இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதைப்பற்றிப் பேச நேரும்.

செலவு இத்துணை குறைந்ததற்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவது சிறுநீரகம். நம்முடைய சிறுநீரைக் காட்டிலும் ஏறக்குறைய நாலு மடங்கு செறிவான சிறுநீரை இவ்வெலியின் சிறுநீரகம் ஆக்கவல்லது. இதைச் சோதிக்க எண்ணிய ஆராய்ச்சியாளர், புரதம் மிக்க சோயா அவரையை எலிகளுக்குக் கொடுத்தனர். புரதம் மிகுந்தாற் கழிவும் மிகும். கழிவைப் போக்க நீரும் மிகுதியாக வேண்டும். அப்பொழுது குடிக்கக் கடல்நீரை வைத்தனர். எலிகள் கடல்நீரைக் குடித்து நலமே வாழ்ந்தன! உப்புநீர் குடித்த மனிதனுக்கு நேர்வது யாதென்பதைக் கடலோடிகளைக் கேட்டாற் சொல்லுவர்.

இரண்டாவது மூக்கு. எலி உள்ளிழுக்கும் வறண்ட காற்று மூக்கின் ஒடுங்கிய குழாய்களை ஈரமாக்கும் நீரை ஆவியாக்கி, அவற்றைக் குளிரச் செய்கிறது. நுரையீரலிலிருந்து திரும்பிவரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அக்குளிர்ந்த சுவரிற் பட்டதும், அதிலிருந்த நீராவியிற் பெரும்பகுதி துளியாகப் படிந்துவிடுகிறது. வெளியே போவது உடலினும் குளிர்ந்த, ஈரங்குறைந்த மூச்சு.

மூன்றாவது காரணமே எல்லாவற்றுக்கும் மூலம். பகல் முழுவதும் எலி வெளியே தலைகாட்டுவதில்லை. மேலே மணல் காலைச் சுடும் வேளையிலும், நிலத்தினடியே பொந்து குளிர்ந்திருக்கும். காற்றும் அங்கே ஈரமாயிருக்கும். மழைக்காலத்திலே நம் வீட்டு உப்புச்சாடி கசிவதைப் போல, பொந்திலே சேர்த்துவைத்த வித்துக்களும் அவ்வீரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எலியின் மூச்சிலிருந்து தப்பிய நீரும் இவ்விதமாக அதன் வாய்க்கே மீளுகிறது. பாலைவனத்தை வென்ற விலங்கு என்று இதனை வருணிப்பவர் உளர். என் கருத்து வேறு. இவ்வெலி பாலைவனத்தின் பகலைச் சந்திப்பதேயில்லை. வெயிலிற் போய் நிற்காமல் இருக்கத் தெரிந்ததே அதன் திறமை.

காத்திருப்போர்

ஒளிந்து பிழைப்பது ஒரு வழி. காத்திருந்து பிழைப்பது மற்றொன்று. மொஹாவேயிலே நல்ல மழை பெய்த ஆண்டின் வேனிற்காலத் தொடக்கத்தில், வெறுமணலாய்க் கிடந்த வெளியெங்கும் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாக மலர்கள் விரிந்துவிடுகின்றன. சில வாரங்களிற் பூத்து, காய்த்து, வித்துதிர்த்து அவை மடிந்துபோகும். பின்னர் வித்துக்கள் மண்ணிற் பல ஆண்டுகள் கிடக்கும்.

சிறுதூறல் ஒன்றை நம்பி அவ்வித்துக்கள் ஏன் முளைத்துவிடுவதில்லை? கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரிட்ஸ் வென்ற் என்னும் தாவரவியலறிஞர் இதனை ஆராய்ந்தார். குறைந்தது அரை அங்குல மழையாவது பெய்தாலன்றி அவை முளையா என்றும், ஓரங்குலம் இரண்டங்குலம் பெய்தால் நன்கு முளைக்கும் என்றும் கண்டார். அவ்வளவோடு நில்லாமல், மேலிருந்து நீர் விடாது அடியிலிருந்து மண்ணை ஈரமாக்கியும் பார்த்தார். வித்துக்கள் அசையவில்லை! காரணம் யாதெனில், பல வித்துக்களின் உறையிலே முளைப்பதைத் தடுக்கும் இரசாயனப் பொருள் உண்டு; மேலிருந்து பெய்து கீழிறங்கும் மழையே அதைக் கழுவிப் போக்கும். ஒரு செடி வளர்ந்து வித்திடும்வரை போதுமான மழையும், அவ்வுறையைக் கழுவப் போதுமான மழையும் ஏறக்குறைய ஒன்றே. வித்தினுள்ளேயே ஒரு மழைமானி அமைந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

விலங்குகளுள் இவ்விதம் காத்திருப்பது சொனோராவிலுள்ள ஒருவகைத் தேரை. அதன் பின்னங்கால்களிலே மண்வெட்டியின் விளிம்பு போன்ற கடினமான தகடு உண்டு. அதனால் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கி, ஆண்டிலே எட்டு, பத்து மாதம் உண்ணாமற் கிடக்கும். கோடை இடிமழை வந்ததும் ஒரே இரவில் நூற்றுக்கணக்காக வெளிவந்து, தேங்கிய குட்டைகளில் முட்டையிடும். குட்டை வற்றுமுன் வாற்பேத்தைகள் தேரைகளாக வேண்டும். சில ஏழெட்டு நாளிலேயே ஆகிவிடுகின்றன. நமது குளத்துத் தவளைகளுக்கு வாரக்கணக்கிற் செல்லும் வேலை இது.

மண்ணுக்குள் இருக்கும் தேரைக்கு மழை வந்தது எப்படித் தெரியும்? ஈரம் இறங்கியதனால் அன்று. இடியோசையாலும், மழைத்தாரைகள் நிலத்தில் மோதும் அதிர்வாலுமே. 1980ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, மழையே இல்லாத வறண்ட மண்ணிலே மின்மோட்டார் ஒன்றை அதிரச் செய்தபொழுதும் தேரைகள் வெளியே வந்துவிட்டன. கேட்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அப்பாலைவனங்களில் இன்று பொழுதுபோக்குக்காக மோட்டார் வண்டிகளை ஓட்டுவோர் பலர். பொய்யிடியை நம்பி வறண்ட வெளிக்கு வந்த தேரைக்குத் திரும்பி உள்ளே செல்லும் வழிச்செலவுக்கு நீர் மிஞ்சுமா?

அங்குள்ள ஆமையின் கதையும் இத்தகையதே. மொஹாவே ஆமை மழைக்காலத்திலே குடித்த நீரைச் சிறுநீர்ப்பையிற் சேமித்து, வறட்சிக் காலத்தில் அதிலிருந்தே உடலுக்கு மீட்டெடுத்துக்கொள்கிறது. நமக்குக் கழிவான பை அதற்குக் கிணறு. வழியிலே கண்ட ஆமையை யாரேனும் அன்போடு கையிலெடுத்தால், அது அஞ்சி அச்சேமிப்பு முழுவதையும் பீச்சிவிடும். எடுத்தவர் சிரித்துக்கொண்டு கீழே விட்டுச் செல்வார்; அடுத்த மழை வருமுன் ஆமை இறந்துபோதலும் கூடும். 1990ஆம் ஆண்டுமுதல் இவ்வாமை அமெரிக்கச் சட்டத்தாற் காக்கப்படும் இனங்களுள் ஒன்றாக இருந்துவருகிறது.

இரவில் மூச்செடுக்கும் மரம்

தாவரங்களுக்கு ஓடி ஒளியும் வழியில்லை. நின்ற இடத்திலேயே வெயிலைத் தாங்க வேண்டும். வேரை ஆழமாக இறக்குவது ஓர் உபாயம். மெஸ்கீற் என்னும் மரத்தின் வேர்கள், அரிசோனாவின் திறந்த சுரங்கமொன்றிலே நிலமட்டத்துக்கு 53 மீற்றர் கீழே காணப்பட்டதாக 1963இல் எழுதப்பட்டது. அம்பாந்தோட்டைப் பக்கத்திலே பரவி, அங்குள்ள பிற செடிகளை நெருக்கிவரும் சீமைக் கருவேலம் இம்மரத்தின் நெருங்கிய உறவு. அங்கே பாலைக்கு ஏற்ற குணம் இங்கே தொல்லையாய் முடிந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறானது சவாரோ என்னும் பெருங்கள்ளி. படங்களிலே இரு கைகளையும் மேலே தூக்கி நிற்பதுபோற் காணப்படும் முள்மரம் அதுவே. பன்னிரண்டு மீற்றருக்கு மேலும் வளரும்; நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அதன் வேர்கள் ஆழம் போகாமல், தன் உயரமளவுக்குச் சுற்றிலும் பரந்து, பெய்த மழை மண்ணை விட்டு அகலுமுன் உறிஞ்சிக்கொள்கின்றன. தண்டு ஆர்மோனியத்தின் துருத்திபோல மடிப்பு மடிப்பாக அமைந்தது. நீர் நிறைந்தால் மடிப்பு விரியும், குறைந்தாற் சுருங்கும். நம்மூர் வேலிகளிலே கண்ட நாகதாளி இதன் இனம். அமெரிக்காவிலிருந்தே இங்கு வந்தது. ஆனாற் சதுரக்கள்ளி இதன் உறவன்று. கிள்ளினாற் பால் வடிவதைக்கொண்டே அதை இனங்காணலாம். அது ஆமணக்கின் குடும்பம். இருவேறு கண்டங்களில் இருவேறு குடும்பங்கள் வறட்சிக்கு அஞ்சி ஒரே உருவத்தை அடைந்திருக்கின்றன.

சவாரோவின் பெரிய வித்தை இரவில் நிகழ்வது. உணவாக்குவதற்குத் தாவரங்களுக்குக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வேண்டும். அதனை உட்கொள்ள இலைவாய்களைத் திறந்தால், அவ்வழியே நீர் ஆவியாய்ப் போய்விடும். (சவாரோவுக்கு இலையே இல்லை, தண்டிலுள்ள துளைகளையும் இலைவாய் என்றே அழைக்கிறோம். கலைச்சொல்லாக்கியோரை மன்னிக்க.) பெரும்பாலான செடிகள் பகலிற் றிறந்து இரவில் மூடும். சவாரோ பகலில் இறுக மூடிக்கொண்டு, காற்றுக் குளிர்ந்த இரவிலே திறக்கும். அப்பொழுது உட்கொண்ட காபனீரொட்சைட்டை ஓர் அமிலமாக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் கதவடைத்தபடியே சூரியவொளியில் அதிலிருந்து உணவு சமைக்கும்.

இவ்விந்தையின் முதற் குறிப்புக்களுள் ஒன்று இந்தியாவிலிருந்து எழுதப்பட்டது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையிலே சென்னை மாகாணத்தில் இருந்த பெஞ்சமின் ஹைன் என்னும் தாவரவியலறிஞர், நம் வீட்டு முற்றங்களிலும் வளரும் ரணகள்ளியின் இலை காலையிலே புளிப்பாகவும், நண்பகலிற் சுவையற்றும் இருப்பதை நாவாற் சுவைத்தறிந்து இலண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1815இல் அது அச்சேறியது. இரவிற் சேர்ந்த அமிலம் பகலிற் செலவாவதையே அவருடைய நாக்கு உணர்ந்தது. பொருள் முற்றும் விளங்க நூறாண்டுக்கு மேல் சென்றது.

சவாரோவின் பூவும் இரவிலேயே விரியும். வௌவால்களும், காலையிற் புறாக்களும் தேனீக்களும் அதைச் சேரும். அதன் பழத்தைச் சொனோராவின் தொல்குடிகளான தொஹோனோ ஓதாம் மக்கள், பட்டுப்போன சவாரோவின் உட்கழிகளாற் செய்த நீண்ட தோட்டிகொண்டு பறிப்பர். அப்பழ அறுவடையோடு அவர்களுக்குப் புத்தாண்டு பிறக்கிறது. பழச்சாற்றாற் செய்த மதுவை அருந்தி மழையை வேண்டுவர்.

கணக்குத் தப்பும்போது

கையிருப்பில்லாத கணக்கு என்று மேலே சொன்னேன். வரவு சிறிது குறைந்தாலும், செலவு சிறிது மிகுந்தாலும் என்ன நிகழும்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசேப்பு கிறினல் என்பவரும் அவருடைய துணைவரும் மொஹாவேயெங்கும் திரிந்து, எந்த இடத்தில் எந்தப் பறவை, எந்த விலங்கு உண்டென்று நாட்குறிப்பு எழுதிவைத்தனர். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அதே பல்கலைக்கழகத்தார் அவ்வேடுகளைக் கையிலே கொண்டு 61 இடங்களுக்கு மீண்டும் சென்றனர். 2018இல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்வது: சராசரியாக ஒவ்வோரிடமும் முன்பிருந்த பறவையினங்களில் நூற்றுக்கு 43ஐ இழந்திருந்தது. நன்கு பெருகியிருந்த இனம் ஒன்றே ஒன்று, அண்டங்காக்கை. அதற்கென்ன, எங்கும் பிழைக்கும்.

கங்காரு எலி முதலிய சிறு விலங்குகளையும் அவ்வாறே தேடிப்பார்த்தனர். 2021இல் அம்முடிவும் வந்தது. அவற்றிற் பெரிய மாற்றமில்லை! அதே நிலம், அதே நூறாண்டு, அதே வெப்பம். வேறுபாடு பொந்தில் இருந்தது. எலி நிலத்தினடியே குளிரில் உறங்குகிறது. பறவையோ பகலிலே வெளியில் இருக்கிறது. உடலைக் குளிரச் செய்ய வாயைத் திறந்து இளைத்து இளைத்து நீரை ஆவியாக்குகிறது. வெப்பம் ஏற அந்நீர்ச் செலவு ஏறுகிறது. மழை குறைய வரவு குறைகிறது. குளிர்ச்சிக்காக மிகுதியான நீர் வேண்டிய பறவையினங்களே மிகுதியாகக் குறைந்திருந்தன என்பதும் தெரியவந்தது.

சவாரோவுக்கும் சோதனை வந்தது. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிலே 2023ஆம் ஆண்டு யூன் இறுதிமுதல் யூலை இறுதிவரை தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 110 பாகை பரனைற்றை, அதாவது 43 பாகை செல்சியசை, எட்டியது அல்லது மீறியது. பகலை அம்மரம் தாங்கும். தாங்க முடியாதது இரவு. யூலை 19ஆம் திகதி இரவிலே வெப்பம் 97 பாகை பரனைற்றுக்குக் கீழே, அதாவது 36 பாகை செல்சியசுக்குக் கீழே, இறங்கவேயில்லை. தார்வீதிகளும் சீமெந்துச் சுவர்களும் பகலின் சூட்டை விடிய விடியக் கக்கும் நகரம் அது. இரவிலே மூச்செடுக்கும் மரத்துக்கு இரவே இல்லாமற் போயிற்று. பல ஆண்டுகள் நின்ற சவாரோக்கள் உள்ளே அழுகிக் கைகளை உதிர்த்தன. சில வேரோடு சாய்ந்தன. அந்நகரத்துப் பாலைவனத் தாவரப் பூங்காவினர் அதைக் கண்டு அறிவித்தனர்.

சவாரோவின் கன்று முதற் பத்தாண்டில் ஒரு விரலளவுதானும் வளர்வது அரிது. அதுவும் வேறொரு மரத்தின் நிழல் கிடைத்தாலே. அவ்வாறு நிழல் கொடுக்கும் மரத்தைச் செவிலிமரம் என்று அங்குள்ள தாவரவியலார் அழைக்கின்றனர். கன்று முதற் கையை நீட்டுவதற்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் செல்லும். இவ்வாண்டு சொனோராவிலே ஒரு செவிலிமரத்தின் கீழ் முளைத்த கன்று கையை நீட்டும்பொழுது, இன்று என் வகுப்பிலிருந்து "தண்ணீர்" என்று கத்திய பிள்ளைகள் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பர். அதுவரையில் அங்கே எத்தனை இரவுகள் குளிரும் என்பதே அக்கன்றின் வாழ்வு.